வால் வைத்த டிக்

குளிர் லேசர் என்று பேர் வைத்தவனைப் பிடித்து அந்த மெஷின் முன்னால் ஒரு வருஷம் உட்கார வைக்க வேண்டும். சொர்ணம்மாள் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சொந்த ஊர் வடக்குப்பட்டு. ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் காண்டிராக்டில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் காண்டிராக்ட்தான். முன்கோபக்காரி என்று லைன் முழுக்கப் பேர் வாங்கியவள். காரணமில்லாமல் அவள் யார் மேலும் பாய்ந்ததில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

மெஷினுக்குள் போவது தேன் நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். போனுக்குள் மடிந்து கிடக்கும் சர்க்யூட் அதில்தான் இருக்கிறது. புற ஊதா லேசர் அதை வேண்டிய வடிவத்தில் வெட்டிக் கொடுக்கும். மெஷினை மாட்ட வந்த இன்ஜினியர் பிரசன்னா நல்ல பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். பிளாஸ்டிக் என்பது நீளமான சங்கிலி மாதிரி. சூடு பட்டால் உருகும், கருகும். இந்த ஒளி அப்படியில்லை, சங்கிலியின் கண்ணிகளை நேராகவே அறுத்துவிடும். அறுந்தது கண்ணுக்குத் தெரியாத தூளாகவும் வாயுவாகவும் தெறிக்கும்.

“நெருப்பு இல்ல, அதனால ஒண்ணும் வராதுன்னு நெனச்சிடாதீங்கக்கா. வர்றதுல விஷமும் இருக்கு. அத்தனையையும் இந்த ஃபில்டர்தான் பிடிக்கணும். மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்தச் சொல்லுங்க” என்றான்.

அவன் போனதோடு அந்தப் பேச்சும் போயிற்று. கேட்டபோதெல்லாம் ஆர்டர் போட்டாச்சு என்றார்கள். அவளுக்குத் தொண்டை கமறியது, எதைத் தின்றாலும் நாக்கில் ஒரு கசப்பு. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் ஜீவானந்தம், மெஷினில் எல்லாம் சரி என்று டிக் போட்டுத் தரவேண்டிய செக் ஷீட்டை நீட்டுவான். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவாள். அது அவள் செய்த தப்பு.

திங்கட்கிழமை காலையில் ஜீவானந்தம் பேக்கிங்கிலிருந்து மெர்சியை அழைத்து வந்தான். மெர்சிக்கு இது ஐந்தாம் மாதம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்து, நாள் முழுக்க நின்று, கால் வீங்கிப்போயிருந்தது.

“நாளைலேர்ந்து இவ லேசர்ல உக்காரட்டும். உக்காந்து பாக்குற வேலை. நீ கத்துக் குடு சொர்ணம்மா.”

“மாசமா கீற பொண்ணு சார். ஃபில்டர் மாத்தாம இங்க உக்கார வைக்காத.”

“மாத்தலன்னு யாரு சொன்னா? அது குளிர் லேசரு. புகையே கெடயாது.”

“புகை இல்லன்னா நாத்தம் எங்கேர்ந்து வருது?”

அவன் ஃபைலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்தான். “இதோ, ஃபில்டர் ஓகே. டிக்கும் உன்னுது, கையெழுத்தும் உன்னுது. நீயே போட்டுக் குடுத்துட்டு இப்ப இன்னாத்துக்குக் கத்தற?”

டிக் அவளுடையதுதான். இடது கையால் எழுதுகிறவள், முடிக்கும்போது ஒரு வால் கீழே வளையும். பக்கத்தைப் புரட்டினாள். அதே டிக், அதே வால், பக்கத்தில் அதே மைத்தீற்றல். எல்லாப் பக்கத்திலும் டிக் கறுப்பு. கடைசியாக, ஃபைலின் அடியில் ஒரே ஒரு தாளில் மட்டும் நீலம். பிரசன்னா இருந்த நாளில் புது ஃபில்டரைக் கண்ணால் பார்த்து அவள் போட்ட டிக். தேதியையும் கையெழுத்தையும் மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, மூன்று வருஷமாக அவளிடமே நீட்டியிருக்கிறார்கள். அவள் சொன்ன ஒரே ஒரு உண்மையை வைத்து இத்தனை பொய் சொல்லியிருக்கிறார்கள்.

“மெர்சி, நீ வெளிய போய் நில்லு” என்றாள். மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, மெஷினை நிறுத்தி, பின்பக்கக் கதவைத் திறந்தாள். வெள்ளையாக உள்ளே போன ஃபில்டர் அடுப்புக்கரி மாதிரி வந்தது. அதைக் கொண்டுபோய் மாப் போடுகிற பக்கெட்டில், தண்ணீரில், இரண்டு கையாலும் அமுக்கினாள். அடைத்துப்போன ஃபில்டர் இருந்தால் ஓடும் அந்த மெஷின், ஃபில்டரே இல்லாவிட்டால் ஓடாது. ஊறிப்போனதை இனி எவனாலும் திருப்பி மாட்ட முடியாது.

“பைத்தியமா உனக்கு? லைன் நின்னா யாரு பதில் சொல்றது?” ஜீவானந்தம் கத்தினான்.

“மூணு வருஷமா நான் மூச்சு வுட்டதுக்கு யாரு பதில் சொன்னா? இப்ப வாங்குவ இல்ல, புது ஃபில்டரு. வாங்கித்தான் ஆவணும்.”

அரை மணி நேரத்தில் காண்டிராக்டரிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள். மெர்சி திரும்பவும் பேக்கிங்குக்குப் போனாள், இந்தத் தடவை ஸ்டூல் கொடுத்தார்கள். சொர்ணம்மாள் ஃபைலைத் திறந்து, நீலத் தாளிலிருந்து டிக் இருந்த கட்டத்தை மட்டும் கிழித்துக்கொண்டாள். ஜீவானந்தம் பார்த்துக்கொண்டே நின்றான், தடுக்கவில்லை.

மெர்சி அழுதுகொண்டே வந்து கையைப் பிடித்தாள்.

“என்னாலதானேக்கா.”

“உன்னால இல்ல. அழுவாத. நீ எங்க டிக் போட்டாலும் அந்தக் கட்டத்துக்குள்ளயே தேதியும் எழுது. தனியா வுடாத.”

கேட்டில் செக்யூரிட்டிப் பெண் வழக்கம்போல டிபன் பையைத் துழாவினாள். கம்பெனிச் சாமான் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். விரல் அகலத்துக்கு ஒரு காகிதம் கையில் வந்தது.

“இது இன்னாக்கா, கம்பெனிதா?”

சொர்ணம்மாள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“என்னுது” என்றாள்.