மூன்றாம் நம்பர் கேபினில் பெண் பார்த்தார்கள்

பிரவுசிங் சென்டர் வைத்தவன் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுவாயலில் நான் கடை போட்டிருந்தபோது ஜாதகம் பிரிண்ட் எடுத்தேன், ரிசல்ட் பார்த்து அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், ஒருமுறை கல்யாணப் பேச்சிலும் மாட்டினேன். இந்தத் தொழிலில் நொந்துபோன சகோதரர்களுக்கு நான் பட்ட பேஜாரு புரியும்.

பஜ்ஜிக்கு ஒரு டேபிள்

பக்கத்து கிராமத்தில் நெல் பயிரிடும் முனிரத்தினம் ஒருநாள் வந்தார். அவர் மகள் சுமதி லண்டனில் வயலின் படிக்கிறாள். சென்னை ஹாஸ்டல் பள்ளியில் பிடித்த பைத்தியம், ஸ்காலர்ஷிப் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்கும் கச்சேரி இன்டர்நெட்டில் நேரடியாக வருமாம். ஹெட்போன் தருகிறேன் என்றேன்.

அவர் வந்த காரியம் வேறு. திருவள்ளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு லீவு இல்லை. அதனால் கச்சேரியிலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். மகளுக்குத் தெரியுமா என்றேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாமாம். நல்ல இடம், பையன் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சூப்பர்வைசர், இது தட்டிப்போனால் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் எந்த மூலையிலனா இருக்கட்டும் பாய். பஜ்ஜி, கேசரி வெக்க ஒரு டேபிள் மட்டும் காலி பண்ணிக் குடு."

கறுப்பு

ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட். மூன்றாம் நம்பர் கேபினின் தட்டியைக் கழற்றி, ஸ்பீக்கர் மாட்டி உட்காரவைத்தேன். லண்டனில் அப்போது மத்தியானம். ஒரு பெரிய பியானோ, அதன் முன்னால் நாலு பேர் வில்லும் கையுமாக. ஒருவரிடம் மட்டும் ஆளுயர வயலின். சுமதி உட்பட எல்லாரும் கறுப்பு உடை.

அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்தில் கறுப்பா, தலையில் ஒரு முழம் பூ கூட இல்லையே என்றார். அது யூனிஃபார்ம் என்று முனிரத்தினம் சமாளித்தார். தாய்மாமன் கேசரியை வழித்துக்கொண்டே விசாரித்தார்.

"யூனிஃபார்ம் குடுக்குறான்னா, வேலை பர்மனென்டா?"

ஹேங்

வாசிப்பு ஓரிடத்தில் நின்றது. கைதட்டல் இல்லை. பியானோக்காரரோடு சேர்த்து மேடையில் ஐந்து பேரும் அசையவில்லை, ஹாலும் கப்சிப். எங்கள் தொழிலில் திரையில் ஒன்று அசையாவிட்டால் ஒரே அர்த்தம்தான். ரிஃப்ரெஷ் அடித்தேன். படம் போய், மெல்ல ஆடி அசைந்து திரும்பி வந்தபோது அடுத்த பகுதி பாதி ஓடியிருந்தது. மறுபடி அதே நிசப்தம். மறுபடி மௌஸில் கை வைத்தேன்.

முனிரத்தினம் தடுத்துவிட்டார். நடுநடுவே நிறுத்துவார்கள், கடைசியில்தான் கை தட்டுவார்கள் என்று மகள் எப்போதோ போனில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

"மௌஸை வுடு பாய். எம் பொண்ணு ஹேங் ஆவல, மூச்சு வாங்கிக்கினு இருக்கா."

பிடித்திருக்கிறது

கடைசிப் பகுதியில் கேமரா சுமதியிடமே நின்றது. அவள் வில்லை இழுக்க இழுக்க பியானோ பின்னாலேயே ஓடி வந்தது. எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. முடிந்ததும் மொத்த ஹாலும் எழுந்து நின்று கை தட்டியது. இங்கே முனிரத்தினமும் எழுந்துவிட்டார். மனுஷன் வழிந்த கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

பெண் பிடித்திருக்கிறது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்தம்மா. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதோடு விட்டாரா? கல்யாணத்துக்கப்புறம் இந்த வயலினையெல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டும், தங்கள் வீட்டுக்கு இது சரிப்படாது என்றார்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அங்கே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அத்தினி பேரும் எம் பொண்ணுக்காக எழுந்து நிக்கிறாங்கம்மா. நீங்களும் எழுந்துக்கோங்க, திருவள்ளூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சம்பந்தம் முறிந்த சந்தோஷத்தில் கடைக்காரனே டீ வாங்கிக் கொடுத்தது எங்கள் தொழிலில் அந்த ஒரு தடவைதான் நடந்திருக்கும்.