கைதட்டிச் சொன்ன நம்பர்

அந்த வாரம் என் ஒன்றாம் வகுப்பில் ‘என்னைப் பற்றி’ என்ற பாடம். தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாவற்றையும் பிள்ளைகள் எழுந்து நின்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். எண்கள் படித்து முடித்திருந்ததால் போன் நம்பரையும் சேர்த்துக்கொண்டேன். மாதிரிக்கு என் நம்பரைக் கரும்பலகையில் எழுதி, இரண்டிரண்டாகப் பிரித்துக் கைதட்டிச் சொல்ல வைத்தேன். ராசிங்காபுரம் சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார்கள்.

ஒரு சிறுமி மட்டும் வாயைத் திறக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்காகத்தான் அவள் குடும்பம் இந்த வருடம் கீழே இறங்கி வந்தது. அப்பாவும் அம்மாவும் விடிந்தும் விடியாமலும் ஜீப்பேறித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு அத்தை தலைசீவி அனுப்புவாள். வந்த புதிதில் நான் ஏதோ கேட்டதற்கு, மலையில் பேசுகிற மலையாளத்தில், ‘தெரியாது’ என்பதற்கு ‘அறியில்ல’ என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு எதைக் கேட்டாலும் தரையைத்தான் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோதும் அப்படியே நின்றாள்.

“பரவாயில்ல ஆத்தா, உக்காரு. திங்கக்கிழம சொல்லலாம்,” என்றேன்.

ஞாயிறு மத்தியானம் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல்.

“ஏம்மா, போடி பஸ் ஸ்டாண்டுல பழக்கடை வச்சிருக்கேன். ஒரு பிள்ள கூட்டத்துல அம்மாவ விட்டுட்டு நிக்கிது. இந்த நம்பரச் சொல்லுச்சு. நீங்கதான் அம்மாவா?”

“பேரு சொல்லுச்சா அக்கா?”

“பேரு, ஊரு, அப்பா அம்மா பேரு எல்லாஞ் சொல்லுச்சு. நம்பர மட்டும் கையத் தட்டித் தட்டிச் சொல்லுது.”

அவள் சொன்னது, வெள்ளிக்கிழமை வாய் திறக்காமல் நின்ற அந்தச் சிறுமியின் பெயர். போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.

“டீச்சரே, அம்மையக் காணல.”

அழுகை இல்லாத, தெளிவான குரல். இத்தனை மாதத்தில் நான் சரியாகக் கேட்டே இராத குரல்.

“அந்தப் பெரியம்மாகிட்டயே நில்லு. எங்கயும் போகக் கூடாது. அம்மாவ வெரசா வரச் சொல்றேன்.”

அவள் அம்மாவின் நம்பர் என் போனில் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சந்தைப் பக்கம் கடைகடையாகத் தேடிக்கொண்டிருந்தாள். மகள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து ஸ்கூட்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது அம்மா அவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். பிள்ளையின் கையில் கடித்த கொய்யாப்பழம் இருந்தது.

“என் நம்பரே இவளுக்குத் தெரியாதே டீச்சர். உங்க நம்பர எப்படிச் சொன்னா?”

“போர்டுல எழுதுனத மனசுல வச்சிருந்திருக்கா,” என்றேன். பிறகு அவள் கன்னத்தைத் தொட்டு, “ஏன் ஆத்தா அன்னைக்கு வகுப்புல சொல்லல?” என்று கேட்டேன்.

கொய்யாவை இன்னொரு கடி கடித்தாள். “அவுங்க சிரிப்பாங்க டீச்சரே. இந்தப் பெரியம்மா சிரிக்கல.”

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை முழுவதும் சொன்னேன். தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வகுப்பிலேயே ஒருத்தி செய்து காட்டிவிட்டாள் என்றேன். பிறகு அவளை அழைத்தேன். மெதுவாகத்தான் எழுந்தாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். ‘அம்மை’ என்றுதான் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முந்தைய நாள் இரவே அம்மா கற்றுக்கொடுத்திருந்த வீட்டுப் போன் நம்பரை அவள் சொல்லத் தொடங்கியபோது மொத்த வகுப்பும் அவளோடு சேர்ந்து கைதட்டியது.

அன்று சாயங்காலம் மதுரையில் கல்லூரியில் பாடம் நடத்தும் என் தங்கைக்குப் போன் போட்டேன். எப்போதும் அவள் கல்லூரிக் கதையை நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்; அன்றும் தன் வேலையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். “அது இருக்கட்டும், என் கிளாஸ் பிள்ள என்ன பண்ணுனா தெரியுமா?” என்று ஆரம்பித்தேன்.