மேனேஜரின் தீனிப்பை

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அந்த இடுக்கு வழியாகவே திட்டுவார் டைலரக்கா. "ஆடாம நில்லு தம்பி, தோள் கோணலாப் போயிரும்!" அளவு நாடா கழுத்தில் சும்மா தொங்கும். கண்ணாலேயே அளந்துவிடுவார். என் இடுப்பு பெருத்தது என் மனைவிக்கு முன்பே அவருக்குத் தெரியும். போன வாரம் என் நீலப் பேண்டைப் பிரித்து அகலமாக்கக் கொடுத்திருந்தேன்.

அவர் வளர்ப்பது ஐந்து கோழிகள். சிவப்புக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர். தினமும் தையல் அறைக்குள் வந்து, மிஷினைச் சுற்றி நடந்து, குறை கண்டதுபோல் கொக்கரித்துவிட்டுப் போகும். வீட்டுக்காரர் விடிந்ததும் பஸ் ஓட்டப் போய்விடுவார். மகளும் கல்யாணமாகிப் போனபின் பகலெல்லாம் அக்காவுக்குப் பேச்சுத்துணை அதுதான்.

பேண்டை வாங்க நான் காலையில் போனபோது, துணி வெட்டும் மேஜைமேல் மேனேஜர் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தது.

"சளியா இருக்கும்க்கா" என்றேன், பெரிய வைத்தியன்போல.

"சளியாவது மண்ணாவது. இங்க தொட்டுப் பாரு." கழுத்தடியில் தீனி சேரும் பையைக் காட்டினார். "காலையில இது காலியாத் தொளதொளன்னு இருக்கணும். கல்லாட்டம் இருக்கு. மூணு நாளா எண்ணெய் குடுத்து நீவுறேன், அசையல. மாட்டு டாக்டர் ஊர்ல இல்லையாம். இன்னிக்கு விட்டா செத்துரும்."

சொல்லிக்கொண்டே புது பிளேடைப் பிரித்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"காலைப் பிடி."

பிடித்தேன். கோழியின் தலைமேல் துண்டைப் போட்டு, நாலு இறகைப் பிடுங்கி, பட்டன் நுழையும் ஒரு காஜா நீளத்துக்குக் கீறினார். தோல் பிரிந்தது. அதற்குள் தீனிப்பை. அதையும் கீறி, விரலை விட்டு இழுத்தார். ஈரமாக, நாற்றத்தோடு, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது நூல். சிவப்பு, பச்சை, நடுவே என் பேண்டின் நீலம்.

தினமும் சாயங்காலம் நூல் துணுக்குகள் விழும் தையல் பாயைக் கொல்லைப்புறத்தில் உதறுவார். கோழிகள் ஓடிவந்து கொத்தும். "எங்க வீட்டுக் குப்பையைக் கோழியே பெருக்கிரும்" என்று பீற்றிக்கொள்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

"புழுன்னு நெனச்சு முழுங்கியிருக்கு. நாந்தான் ஊட்டியிருக்கேன்" என்றார். ஊசியில் நூல் கோத்தார். பையைத் தனியாக, தோலைத் தனியாகத் தைத்தார். "லைனிங் தனி, மேல்துணி தனி. சேத்துத் தச்சா இழுத்துக்கும்."

துண்டை எடுத்ததும் மேனேஜர் கண்ணைத் திறந்தது. விரல் நுனியில் வைத்த தண்ணீரைக் குடித்தது. எனக்கு மூச்சு வந்தது.

அக்காவுக்கு வரவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே கொல்லைப்புறம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். மற்ற நான்குக்கும் அன்று இன்னும் தீனி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தடியை அமுக்கினார். முதல் கோழியை விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதை மடியில் இறுக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, பிளேடுக்காகக் கையை நீட்டினார்.