இடப்பக்கத்து மிதி

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் தியாகு. அவனுக்கு நடந்தது இது. அவன் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "நல்லாக் கதை விடுறீங்க" என்று சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து ஹைதராபாத் மல்லாபூருக்கு வாருங்கள். இட்லி மாவு தியாகு வீடு எது என்று கேட்டால் போதும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

வீட்டின் பின்கட்டில் நான்கு கிரைண்டர்கள். ராத்திரி ஆட்டிய மாவு விடிகாலையில் பொங்கி நிற்கும். அதை மூடி போட்ட பெரிய வாளிகளில் நிரப்பி, பழைய பிக்கப் வண்டியில் ஏற்றி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கச்சிபௌலி ஹாஸ்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டும். தியாகு ஓட்டுவான். இடது பக்கச் சீட்டில் அவன் மனைவி விஜயகுமாரி உட்காருவாள். மாவு வண்டியைச் சும்மா ஓட்டிவிட முடியாது. சட்டென்று பிரேக் போட்டால் வாளிக்குள் மாவு அலையடித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். பாதி வியாபாரம் தார் ரோட்டுக்குப் போய்விடும்.

விஜயகுமாரிக்கு வண்டி என்றாலே பயம். ஆனாலும் புருஷனைத் தனியாக அனுப்ப மாட்டாள். ஏறியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவாள். முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தால் போதும், வெறுங்காலால் தரைத் தகட்டை ஓங்கி மிதிப்பாள். தொம்!

"அங்க பிரேக் இல்லடி" என்று தியாகு சிரிப்பான்.

"இல்லாட்டி என்ன? மிதிச்சா எனக்கு ஒரு தைரியம். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பாள்.

இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. ஆடி மாசம் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று கஷாயம் வைத்துக் குடித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த மறுநாளே தியாகு மறுபடி மாவு ஏற்றினான். வேறு என்ன செய்வான், பாவம்? ஆட்டுகிற வேலையை மகள் ஷர்மிளா எடுத்துக்கொண்டாள். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற பெண். அம்மாவின் பழைய நைட்டியை மேலே மாட்டிக்கொண்டு உளுந்து கழுவினாள். விஜயகுமாரியின் செருப்பு மட்டும் வண்டியில் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அதை எடுக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

முதல் சத்தம் அந்த வாரமே கேட்டது.

காலை ஐந்தேகால். தார்நாகா தாண்டி ஓர் இறக்கம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. தியாகு பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று பக்கத்தில்... தொம்.

வாளிதான் சாய்ந்துவிட்டது என்று பதறி பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. அதே நொடியில், விளக்கில்லாத ஒரு டிபன் தள்ளுவண்டி சந்திலிருந்து முன்னால் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் திட்டக்கூடத் தோன்றாமல் வெலவெலத்து நின்றார். தியாகு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். ஒரு வாளியும் அசையவில்லை. கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொம். அப்புறம்தான் பள்ளிக்கூட வேன் ஒன்று வளைவில் திரும்பி வந்தது.

ஒவ்வொரு தடவையும் சத்தம் முந்திக்கொள்ளும். ஆபத்து பிறகு வரும். இன்னொன்றையும் அவன் கவனித்தான். கிளம்பும்போது சீட்டுக்கு அடியில் ஒழுங்காகக் கிடக்கும் செருப்பு, கச்சிபௌலி போய்ச் சேரும்போது முன்னால் வந்து கிடந்தது. யாரோ கழற்றிப் போட்ட மாதிரி, ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து.

உங்களுக்கும் எனக்கும் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்போம். தியாகு ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். அழுது முடித்து, காலியாக இருந்த சீட்டைப் பார்த்து, "அங்க பிரேக் இல்லடி" என்றான்.

அதிலிருந்து அவனுக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. சாது மாதிரி ஓட்டினால் சத்தம் வருவதில்லை. கொஞ்சம் அழுத்தினால் வரும். அதனால் அழுத்தினான். சிக்னல் மஞ்சளுக்கு மாறும்போது வேகத்தைக் கூட்டினான். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனான். தொம்! கேட்டதும் கண் நிறைந்துவிடும். பெண்டாட்டியைக் கூப்பிட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இந்த நேரத்தில்தான் பிரேக் பேச்சு வந்தது. பஞ்சர் ஒட்டப் போனபோது மெக்கானிக் சங்கர் வண்டியைச் சுற்றி வந்து, பாரத்தில் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். சங்கர் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன். அவன் பேச்சில் பாதி ஹைதராபாத்.

"ஹாஸ்டல் ஆர்டர் கூடக் கூட லோடு ஏத்திக்கிட்டே போறீங்கண்ணா. இது பழைய டிரம் பிரேக். இந்த வெயிட்டுக்கு நிக்காது. முன்னாடி ரெண்டும் டிஸ்க் போட்டு, பூஸ்டரும் பெருசா வெச்சிடலாம். ரெண்டு நாள் வேலை."

"நக்கோ சங்கர். நல்லாத்தான் நிக்குது."

"கைக்கு நக்கோ? ஏன் வேணாங்கிறீங்க? உயிர் போற விஷயம்ணா!"

தியாகு பஞ்சருக்குக் காசை எண்ணிக் கொடுத்தான். என்னவென்று சொல்வான்? பிரேக் நன்றாகிவிட்டால் அவளுக்கு என்ன பயம்? பயம் இல்லையென்றால் எதற்கு வருவாள்?

சங்கர் விடாமல் ஷர்மிளாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். வீட்டில் பெரிய சண்டை.

"ப்ளீஸ் அப்பா, மார்ச்சேயண்டி. மாத்திடுங்க. அம்மாவும் போயாச்சு. உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

"பாக்கலாம்."

"எப்பப் பாத்தாலும் பாக்கலாம்!"

அவனும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினான். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. ஷர்மிளாவுக்குக் கச்சிபௌலியில் இன்டர்வியூ. "பஸ்ல போம்மா" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. வண்டியில் ஏறி அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் காலைக் கீழே நீட்டிக்கொண்டாள். அன்றைக்குத் தியாகு சத்தியமாக நிதானமாகத்தான் ஓட்டினான்.

கச்சிபௌலி மேம்பாலம். இறக்கம். பின்னால் வண்டி நிறைய மாவு. முன்னால் ஒரு கம்பெனி பஸ், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுவிட்டது.

சத்தம் வரவில்லை.

மிதித்தான். வண்டி நிற்கவில்லை.

மறுபடி மிதித்தான். வாளிகளில் மாவு அலையடித்து வண்டியை முன்னால் தள்ளியது. பஸ்ஸின் பின்கண்ணாடி பெரிதாகிக்கொண்டே வந்தது...

"அப்பா!"

ஷர்மிளா வீறிட்டாள்.

அப்போதுதான் நின்றது.

பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை போகாது. தியாகு திரும்பினான். மகள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... என் கால் மேல..."

"என்னம்மா?"

"கால்... யாரோட காலோ..."

தியாகுவும் குனிந்தான்.

"ஜில்லுன்னு... வெறுங்காலு அப்பா. என் காலு மேலயே ஏறி... அமுக்கிச்சு..."

அவள் வலது பாதத்தில், விரல்களுக்குச் சற்று மேலே, வட்டமாக ஒரு தடம். ஒரு குதிகால் அளவு.

பார்க்கப் பார்க்க நீலம் ஏறியது.

மகளை இறக்கிவிட்டு, மாவைப் போட்டுவிட்டு, எறும்பு ஊருகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு நேராகச் சங்கர் ஷெட்டுக்குப் போனான். வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் இடது சீட்டுப் பக்கம் திரும்பினான். "விஜி... நம்ம பொண்ணையே கொன்னிருப்பேன்டி. மாத்தப் போறேன். கோச்சுக்காத" என்றான். பக்கத்தில் ஒரு அசைவும் இல்லை. சாவியைச் சங்கர் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் மாத்துடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

புதுப் பிரேக் பிரமாதமாக இருந்தது. தொட்டால் நின்றது. அதே இறக்கம், அதே லோடு. தியாகு காத்திருந்தான். தார்நாகா போயிற்று. மேம்பாலம் போயிற்று. ஒரு சத்தம் இல்லை. மனசு கேட்காமல் ஒருமுறை வேண்டுமென்றே ஆட்டோவை உரசுகிற மாதிரி போய் பிரேக் போட்டான். பின்னால் மாவு வழிந்ததுதான் மிச்சம். செருப்பு சீட்டுக்கு அடியில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவனுக்கு அவள் மேல் கோபமே வந்துவிட்டது. இப்படியா ஒரு வார்த்தை சொல்லாமல் போவாள்? ஆடியில்தான் அப்படிப் போனாள், இப்போதுமா?

ஒரு வாரம் ஓட்டிவிட்டு பிரேக்கை டைட் வைக்கச் சங்கரிடம் போனான். சங்கர் டீ சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க சாவியக் குடுத்துட்டுப் போனப்புறம் வண்டிய உள்ள எடுத்தேன். பிரேக் பெடல் தரையோட போயிருச்சு. டயர் அடுக்குல போய் மோதினேன். உங்க மனசு சரியில்லாத நேரம்னு சொல்லல."

"என்னடா சொல்ற? நான் ஓட்டிட்டுத்தானே வந்தேன்?"

"ஹவ், ஆமாண்ணா, அதான் புரியல."

மூலையில் கிடந்த பழைய டிரம் ஒன்றைத் தூக்கிவந்து வெளிச்சத்தில் வைத்தான். உள்பக்கம் முழுக்கத் துரு. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது.

"லைனர் உள்ள உரசி உரசித்தான் வண்டி நிக்கும். அப்ப இந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும். இத தொட்டே பாக்கலண்ணா. நாலு சக்கரமும் இதே மாதிரி. பிரேக் ஆயில் ஒரு சொட்டு இல்ல, டப்பா காஞ்சு ஒட்டடை அடைஞ்சு கெடக்குது. ஆடி மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த வண்டிக்குப் பிரேக்கே இல்ல."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அத்தனை மாவ வெச்சுக்கிட்டு, இத்தனை நாளா எப்படிண்ணா நிறுத்தினீங்க?"

தியாகு அந்தத் துருப்பிடித்த டிரம்மை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் துணைக்கு வந்தாள் என்றல்லவா நினைத்திருந்தான்? சத்தத்தைக் கேட்கத் தோன்றியபோதெல்லாம் அழுத்தினானே. மஞ்சள் விளக்கில் பாய்ந்தானே. அத்தனை தடவையும் அவள் ஒற்றை வெறுங்காலால்...

"தெரியாமப் போச்சேடி" என்றான். சங்கர் பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். "உன்னக் கூப்பிடுறேன்னு நெனச்சேனே விஜி... ஒரு நாளாவது உன்னத் தூங்க விட்டிருப்பேனே."