கபினிப் பாலத்தில் உதைத்த வண்டி

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். நடுவில் வேறு பேச்சுக்குப் போனால் அதையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. என்னைவிட மூத்தது. பேட்டரி கிடையாது. உள்ளே மேக்னெட்டோ என்று ஒன்று. காந்தத்துக்கு நடுவே செம்புக் கம்பிச் சுருள் சுற்றும், அதில் பொறி பிறக்கும், வண்டி ஓடும். மைசூரில் இன்றைக்கும் அவர் மார்க்கெட்டுக்குப் போவது அதில்தான். என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அதில்தான். அந்த டாக்டர் வெளியே வந்து வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றதில் என் பல்லை மறந்துவிட்டார்.

வண்டிக்கு ஒரே வியாதி. காலையில் ஆறிக் கிடக்கும்போது ஒரே உதையில் கிளம்பும். ஓடிச் சூடானபின் நிறுத்தினால் கிளம்பாது. கம்பியில் பூசிய அரக்கு பழசாகிவிட்டதாம், சூட்டில் பொறி செத்துப்போகிறதாம். ஆறவிட்டால் திரும்ப உயிர் வரும். இவருக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தவர், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகன் சொன்னான்: "அப்பா, அதைக் கழட்டிப் போட்டுட்டு பேட்டரி வெச்சிரலாம். இல்லீன்னா அந்த பெங்களூர்க்காரருக்குக் குடுத்துரலாம். ஓட்டல் வாசல்ல அழகுக்கு நிறுத்தறேங்கறாரே."

"பேட்டரி வெச்சா அது வேற வண்டிடா" என்றார் இவர். பிறகு அவரே, "சுருளப் புதுசாச் சுத்தச் சொல்றேன். அதுக்கப்பறமும் சூட்டுல கெளம்பலீன்னா ஓட்டலுக்கே போகட்டும். எங்காலு தாங்காது" என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மோட்டார் காயில் சுற்றும் கடையில் புதுக் கம்பி சுற்றி, அரக்குக்குப் பதில் புது வார்னிஷ் பூசிக் கொடுத்தார்கள். மாட்டியதும் கொள்ளேகாலில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினோம். நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன், மடியில் ஒரு சீப்பு ரசபாளை வாழைப்பழம். எதைக் கொண்டுபோனாலும் தங்கச்சி 'இது எங்கூர்லயே கெடைக்குது' என்பாள். ஆனால் யாருக்கும் மிச்சம் வைக்க மாட்டாள்.

"ஏனுங்க, நரசீபுரத்துல காப்பி குடிக்கலாமுங்களா?"

"வேண்டாம் புள்ள. கொள்ளேகால் போற வரைக்கும் வண்டிய ஆஃப் பண்ண மாட்டேன்."

புரிந்துவிட்டது. பயம். நிறுத்தினால்தானே கிளம்புமா கிளம்பாதா என்று தெரியும்!

ஆனால் ஆற்றைக் கும்பிடாமல் தாண்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி, ஒரு பூவாவது போட்டுவிட்டுத்தான் போவோம். அதனால் கபினிப் பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டினார்.

"என்ஜின் ஓடட்டும். சுருக்கா வா."

ஆற்றிடம் எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. பேரன் பரீட்சை, தங்கச்சி முட்டிவலி, மாடி வீட்டுக்காரி சண்டை, எல்லாம் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் சத்தம் தளர்ந்தது. மெதுவாகச் சுற்றும்போது மேக்னெட்டோவுக்குப் பலம் குறைவு. டப்... டப்... நின்றேவிட்டது.

இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்கு இளநீர்க்காரர் ஒருவர், "தள்ளபேக்கா தாத்தா?" என்று கன்னடத்தில் கேட்கிறார், தள்ளிவிடணுமாம்.

"ஆறட்டும். எளநி குடிக்கலாம்" என்றார் இவர்.

"ஆற வெச்சு ஒதச்சா, ஆறுன வண்டி கெளம்பும்னுதானுங்க தெரியும். அது முன்னயே தெரிஞ்சதுதானே. இப்பவே ஒதைங்க."

"கெளம்பலீன்னா?"

"ஓட்டல்காரர் வண்டியோட நம்மளயும் வாசல்ல நிறுத்தி வெப்பாரான்னு கேப்போம்."

அவர் சிரிக்கவில்லை. கிக்கரை ஓங்கி மிதித்தார். அது சடாரென்று திரும்பி வந்து அவர் காலையே தூக்கி எறிந்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

"பாத்தியா? இதுக்கே என்னயப் புடிக்கல. முடிஞ்சுது புள்ள."

இத்தனை வருஷம் இந்த வண்டியின் பின்னால் சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? கைப்பிடியில் இடப்பக்கம் ஒரு சின்ன லீவர் உண்டு. உதைக்கும் முன் அதைத் தளர்த்தினால்தான் பொறி சற்றுத் தாமதமாக விழும். மறந்தால் பொறி முந்திக்கொள்ளும், கிக்கர் திருப்பி அடிக்கும். பயத்தில் லீவரை மறந்திருக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"காலு போச்சுங்கறேன், சிரிக்கறயே!"

"ஏனுங்க, பொறி இல்லாத வண்டி எப்படிங்க திருப்பி ஒதைக்கும்?"

அப்படியே நின்றார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லீவரைத் தளர்த்தினார், ஸ்டாண்டு போட்டுப் பக்கத்தில் நின்று, நல்ல காலால் உதைத்தார்.

ஒரே உதை. டுப் டுப் டுப் டுப்!

நான் கைதட்டினேன், இளநீர்க்காரரும் தட்டினார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அவராகவே அணைத்தார். மறுபடி உதைத்தார். கிளம்பியது. திரும்பவும் அணைத்தார்.

"போதுமுங்க, காலு வீங்குதுங்க!"

"காலு கெடக்குது, விடு."

மூன்றாவது தடவையும் கிளம்பியதும் மகனுக்குப் போன் போட்டார். ஒன்றும் பேசாமல், போனைச் சைலன்சர் பக்கம் நீட்டினார்.

"அப்பா? ஒண்ணும் கேக்கலப்பா! வண்டிச் சத்தந்தான் கேக்குது!"

"அதத்தாண்டா கேக்கச் சொல்றேன்!" என்று கத்தினார் இவர்.