முடி இருந்த தலைக்குப் போட்ட கணக்கு

என் மகளின் இடது கண் போனதற்கு, அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கதிருக்குக் கணக்குப் போட்டவர் பொறுப்பு. நானும் பொறுப்பு.

அவளுக்குப் பதினொரு வயது. கண்ணுக்குப் பின்னால் புற்றுநோய்க் கட்டி. சென்னை ஆஸ்பத்திரியில் புரோட்டான் கதிர் சிகிச்சை கொடுக்கலாம் என்றார்கள். தலை அசையாமலிருக்க முகத்திலும் தலையிலும் அச்செடுத்து, இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலைமூடி செய்தார்கள். பிறகு அவர் கம்ப்யூட்டர் படத்தில் கதிரைப் பாய்ச்சிக் காட்டினார். "பாருங்க, கட்டிக்குள்ளயே நின்னுடும். பத்து நாள்ல வாங்க" என்றார். கும்பிட்டேன்.

கோவில்பட்டிக்கு ரயிலேறி வந்ததும், பருத்திக் காட்டு நடுவில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்தபடி அவளுக்கு மொட்டை போட்டேன். இரட்டைச் சடை பின்னும் அடர்த்தியான முடி. "ஏட்டி, அழாத. கண்ணுக்காகத்தான்" என்றேன்.

திரும்பிப் போனபோது மூடி தொளதொளவென்று இருந்தது. "எப்பா, இதுக்குள்ள இன்னொரு பிள்ளையும் படுக்கலாம்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"முடியை ஏன் எடுத்தீங்க? தலை அசைஞ்சா கதிர் தப்பான இடத்துல படும். எல்லாக் கணக்கையும் மறுபடி போடணும்."

"எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே, சார்."

"இதெல்லாமா சொல்லணும்?"

புது மூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. காத்திருந்த நாட்களில் கட்டி பார்வை நரம்பை நெரித்துவிட்டது. ஒரு காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "எப்பா, இந்தக் கண்ணுல நீங்க இல்ல" என்றாள்.

கேட்காமல் மொட்டை போட்டது என் தப்பு. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சார், நோய் வந்தால் நாங்கள் முடி நேர்வோம் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் கொடுத்த அறிவுரைத் தாளில் 'முடி எடுக்கக் கூடாது' என்ற ஒரு வரி ஏன் இல்லை? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கே பிள்ளைகளோடு காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.