பன்னிரண்டு இழுப்பு

எங்கள் படகுத்துறையில் அவளைப் பம்ப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கரையோர ஊர்களுக்குப் போகும் கடல் விமானத்துக்கு நான் டிக்கெட் கொடுக்கிறேன். அக்கா அதன் மிதவைகளில் சேரும் தண்ணீரை இறைக்கிறாள். விமானத்தைத் தாங்கும் இரண்டு மிதவைகளுக்குள்ளும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். தினமும் காலையில் கைப்பம்பால் இறைத்து, எத்தனை இழுப்பு என்று நோட்டில் எழுத வேண்டும். பத்து, பன்னிரண்டு என்றால் நல்ல மிதவை. ஐம்பதைத் தாண்டினால் ஓட்டை என்று அர்த்தம், விமானம் கிளம்பக் கூடாது.

ஏழு வருடத்துக்கு முன் இந்த வேலையை அவள் வீட்டுக்காரர் செய்தார். ஒருநாள் அறுபது வந்தது. விமானத்தை ஓட்டும் கேப்டனுக்கு அவசரம். "பன்னெண்டுன்னு எழுதுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி, எழுதிவிட்டார். அடுத்த ஊரில் இறங்கும்போது மிதவை முங்கி, இறக்கை ஒடிந்து, பயணிகள் தண்ணீரில் விழுந்தார்கள். உயிர் போகாதது அவர்கள் அதிர்ஷ்டம். விசாரணையில் கேப்டன் கூசாமல் சொன்னார்: "நோட்டுல பன்னெண்டுன்னு இருக்கு. அவன் பம்ப் அடிக்கவே இல்ல." உண்மையைச் சொல்லி அக்கா வீட்டுக்காரர் அழுதார். எழுத்து அவருடையதாயிற்றே, யார் கேட்பார்கள்? அன்று வேலை போனவர், அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. தாண்டினால், ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று பேச்சு.

அக்காவின் வாயை அடைக்க, அதே வேலையைக் கேப்டனே அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். பெரிய மனசு என்று துறையே புகழ்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படிக்கா அந்தாளு மூஞ்சியைத் தினமும் பாக்கறே?" என்றேன்.

"பாத்துக்கிட்டே இருக்கேன்டி. என்னைக்காவது நம்ம கம்பெனி முதலாளி அவன் ஓட்டுற விமானத்துல ஏறாமலா போயிடுவார்?"

அந்த ஒரு நாளுக்காக ஏழு வருடம் பம்ப் அடித்தாள்.

போன மாதம் அது வந்தது. முதலாளி துறையில் போன் பேசிக்கொண்டு நின்றார், பின்னால் பயணிகள் வரிசை. கேப்டன் விமானத்துக்குள் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிக்கெட் ஜன்னலிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டு இழுப்பு, அதற்குமேல் வெறும் காற்றுதான் வந்தது. அக்கா நிமிர்ந்து, துறை முழுக்கக் கேட்கும்படி, "அறுபது, கேப்டன்!" என்றாள்.

நான் டிக்கெட் கட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

கேப்டன் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா கத்தறே? முதலாளிக்கு நேரமாச்சு. பன்னெண்டுன்னு எழுது."

"கையெல்லாம் ஈரம். நீங்களே எழுதிடுங்க."

வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கி எழுதினார், கையெழுத்தும் போட்டார். அக்கா அதை நேரே முதலாளியிடம் கொண்டுபோனாள். "ஐயா, நான் சொன்னதையும் கேட்டீங்க. இவர் எழுதினதையும் பாருங்க. என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் எழுத வெச்சார்."

முதலாளி நோட்டைப் பார்த்தார், தான் ஏற இருந்த விமானத்தைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"பொய் சார்! மறுபடி அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்று கேப்டன் குதித்தார்.

"அதான் அடிச்சாச்சே. இனிமே எப்படித் தண்ணி இருக்கும்?" என்றாள் அக்கா.

மெக்கானிக் இரண்டு நாள் துருவியும் ஓட்டை கிடைக்கவில்லை. முதலாளிக்கு அது பெரிதாகப் படவில்லை. அறுபது என்று காதால் கேட்டும் தன்னை ஏற்றிக்கொண்டு பறக்கத் துணிந்தவனை வைத்துக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா? கேப்டனை வீட்டுக்கு அனுப்பினார். அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பழி தீர்ந்த சந்தோஷத்தில் நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், பொய் எதற்கு!

கணக்கு முடித்துப் போகிற அன்று, கேப்டன் அக்காவின் முன்னால் வந்து நின்றார். "மிதவையில ஓட்டையே இல்ல. அன்னைக்கு பன்னெண்டுதான் வந்திருக்கும். நான் எழுதினது உண்மை!"

அக்கா பம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா, உண்மைதான். என் வீட்டுக்காரர் சொன்னதும் உண்மைதான், ஏழு வருஷம் ஒருத்தரும் நம்பல. நீங்களும் சொல்லிப் பாருங்க."